உஜ்வலா மௌசியின் மூன்று சொல் வசனம்

இருபத்தொன்பது வருடங்களாக உஜ்வலா கோச்சரேகர் இந்திப் படங்களில் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். பெண்ணின் சித்தியாக, பிள்ளையின் அத்தையாக, யாருக்கும் யாரென்று தெரியாத யாரோ ஒரு உறவாக. அட்சதை போட்டுப் போட்டு அவளுடைய வலது தோள்பட்டை தேய்ந்துபோயிருந்தது. அவள் போன கல்யாணங்களில் முக்கால்வாசி கடைசி நிமிடத்தில் நின்றுபோனவை. இந்திப் படத்தில் ஒரு கல்யாணம் ஒழுங்காக நடந்துவிட்டால் கதைக்கு வேலை இல்லாமல் போய்விடும். ஆகவே நடக்க விடமாட்டார்கள்.

துணை நடிகர்களுக்குள்ளும் மேல் கீழ் உண்டு. கலவரத்தில் ஓடுகிறவன், சந்தையில் காய்கறி விற்கிறவன், கதாநாயகன் கையால் அடிவாங்கித் தள்ளுவண்டிமேல் விழுகிறவன் எல்லாம் கீழே. மேலே இருப்பது 'டீசன்ட் கிளாஸ்'. நன்றாகச் சேலை கட்டத் தெரிந்து, கையில் குளிர்பான டம்ளரைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய்கூடக் குடிக்காமல் நாலு மணி நேரம் நிற்கத் தெரிந்தவர்கள். கம்பெனி இவர்களுக்கு உடுப்பு தராது. சேலை, நகை, செருப்பு எல்லாம் அவரவர் வீட்டிலிருந்து வரவேண்டும். உஜ்வலாவிடம் உருப்படியாக ஒரே ஒரு பட்டு இருந்தது, மயில்கழுத்துப் பச்சையில் அரக்குக் கரை போட்ட பைட்டணி. தங்கையின் கல்யாணத்துக்கு எடுத்தது. தங்கை மூன்று பேரன் எடுத்துவிட்டாள். சேலை இன்னும் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

இந்த வேலைக்கென்று சில சட்டங்கள் உண்டு. காமிராவைப் பார்க்கக் கூடாது. கதாநாயகியைவிட அழகாகத் தெரியக் கூடாது. முக்கியமாக, சத்தமில்லாமல் பேச வேண்டும். முன்னால் நட்சத்திரங்கள் வசனம் பேசும்போது பின்னால் இருக்கிற உறவுக்கூட்டம் வாயை மட்டும் அசைத்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். மூச்சுச் சத்தம் கேட்டாலும் திட்டு விழும். உஜ்வலாவும் அவளுடைய மலாட் சிநேகிதி க்ளாரா டிமெல்லோவும் இப்படிச் சத்தமில்லாமலே இருபது வருடத்துக் குடும்பக் கதையைப் பேசி முடித்திருந்தார்கள். டைரக்டரை அவர் கண்ணெதிரேயே, சிரித்த முகத்தோடு, கெட்ட வார்த்தையில் வைதும் இருந்தார்கள். எத்தனை படத்தில் சித்தியோ அத்தனையும் சேர்ந்து, ஸ்டூடியோவில் எல்லாருக்கும் அவள் 'மௌசி' ஆகிவிட்டாள். அப்பேர்ப்பட்டவளின் குரல் ஒரு படத்தில்கூட வந்ததில்லை.

அவளுக்கு அது ஒரு குறையாகவே இருந்தது. வெளியில் சொல்லமாட்டாள். சொன்னால் மருமகள் பிராஜக்தா சிரிப்பாள்.

'பீகா சா வாதா' என்று ஒரு படம் ஆரம்பித்தார்கள். கொஞ்சம் நனைந்த வாக்குறுதி என்று அர்த்தம். டைரக்டர் வேதாந்த் சப்லோக்குக்கு முப்பத்து நான்கு வயது. வெளிநாட்டில் சினிமா படித்துவிட்டு வந்தவர். அக்டோபர் மாதத்து பம்பாய் வேர்வையிலும் கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு அலைவார். பூஜையன்று பத்திரிகைக்காரர்களிடம், இந்தத் தேசம் காதலிக்க மறந்துவிட்டது, ஞாபகப்படுத்தத்தான் இந்தப் படம் என்றார். மறந்துபோன தேசம் கையில் லட்டை வாங்கிக்கொண்டு போயிற்று.

கதை இதுதான். கதாநாயகனுக்கு நண்பனைக் கட்டிக்கொள்ளப்போகும் பெண்மேல் காதல். அவளுக்கும் இவன்மேல் காதல். இரண்டு பேரும் அதைச் சொல்லாமல் ஒன்றே முக்கால் மணி நேரம் ஜன்னலோரம் நிற்பார்கள். கதாநாயகன் கண் கலங்கும்போதெல்லாம் வெளியே மழை பெய்யும். கதை நடப்பது ராஜஸ்தானில் என்பதை யாரும் டைரக்டரிடம் எடுத்துச் சொல்லவில்லை. கல்யாணத்தன்று காலை பெண் காணாமல் போய்விடுவாள். பெண்ணின் சித்தி வந்து கதாநாயகனிடம் "பொண்ணு ரூம்ல இல்ல" என்பாள். அங்கேதான் கதையே திரும்புகிறது.

கோரேகாவ் ஃபிலிம் சிட்டியில் ஒட்டுப்பலகையில் அரண்மனை எழும்பியது. ஒன்பது நாள் கல்யாணம், கதாநாயகனின் தேதி கிடைக்காமல் ஐந்து மாதம் இழுத்தது. இடையில் அவர் வேறொரு படத்துக்குத் தாடி வளர்த்தார், எடுத்தார், மறுபடி வளர்த்தார். செண்டுமல்லி வாடிப் பிளாஸ்டிக் ஆயிற்று. மாறாமல் இருந்தது உஜ்வலாவின் சேலை ஒன்றுதான். முதல் நாள் எதைக் கட்டினார்களோ அதையேதான் கடைசிவரை கட்ட வேண்டும் என்று உதவி டைரக்டர் பெண் போட்டோவோடு நின்றாள்.

சித்தி வேஷத்துக்குப் பேசியிருந்த டிவி சீரியல் நடிகை, தனக்குக் கொடுத்த மேக்கப் வேனில் கண்ணாடி சின்னது என்று கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். சாப்பாட்டு இடைவேளைக்கு இருபது நிமிடம் இருந்தது. டைரக்டர் கூட்டத்தை ஒரு நோட்டம் விட்டார்.

"அந்த மயில் பச்சை ஆன்ட்டி. நீங்க பேசுவீங்களா?"

பேசுவீங்களா என்றால் என்ன சொல்வது? உஜ்வலா பழக்கதோஷத்தில் வாயை மட்டும் அசைத்தாள். க்ளாரா பின்னாலிருந்து விலாவில் ஒரு குத்து விட்டாள்.

"பேசுவா சார், நல்லாப் பேசுவா. இவ பேச ஆரம்பிச்சா நிறுத்தறதுதான் கஷ்டம்."

டைரக்டர் சொன்னது ஒரே வரி: ஓடி வாங்க, மூச்சு வாங்குங்க, அலறுங்க. உஜ்வலா தலையை ஆட்டிக்கொண்டாள். ஆனால் இந்த விஷயத்தில் அவளுக்கு அனுபவம் உண்டு. குடாள் என்ற ஊரில் அவளுடைய நாத்தனார் கல்யாணத்தில் நிஜமாகவே பெண் விடிகாலையில் காணாமல் போயிருந்தாள். அப்போது அவளுடைய சின்ன மாமியார் ஓடவும் இல்லை, அலறவும் இல்லை. பந்தியில் உட்கார்ந்திருந்த விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தபடியே நடந்து வந்து, முந்தானையைச் சரிசெய்வதுபோல் குனிந்து, மாமனார் காதோடு சொன்னாள். கல்யாண வீட்டில் கெட்ட செய்தியை அப்படித்தான் சொல்வார்கள். கேட்டவர் முகம் சட்டென்று வெளுத்துப்போனதை உஜ்வலா பக்கத்தில் நின்று பார்த்தாள்.

காமிரா ஓடியது. உஜ்வலா சிரித்துக்கொண்டே வந்தாள். இரண்டு பேருக்குக் கும்பிடு போட்டாள். கதாநாயகனின் அருகில் குனிந்து, "பொண்ணு ரூம்ல இல்ல" என்று சொன்னாள்.

கதாநாயகனே அடுத்து தான் பேச வேண்டியதை மறந்து அவளைப் பார்த்தார். மேலே விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தவன் தலையை நீட்டிக் கீழே எட்டிப் பார்த்தான்.

டைரக்டர் வாட்சைப் பார்த்தார். "அலறலையே. சரி, ஓகே. ஹீரோவுக்குக் குளோஸப் வைங்க."

அந்தக் குளோஸப் நாலு மணி நேரம் ஓடியது. கண்ணீர் வர மருந்து விட்டார்கள், துடைத்தார்கள், மறுபடி விட்டார்கள். அதற்கு உஜ்வலா வேண்டியதில்லை என்று உட்கார வைத்துவிட்டார்கள். காமிராவுக்குப் பின்னால் நின்று ஜலதோஷம் பிடித்த ஒரு அசிஸ்டெண்ட் "போண்ணு ரூப்ல இல்ல" என்று படித்தான். கதாநாயகன் ஃபீல் வரவில்லை என்று கோபித்துக்கொண்டார். ஃபீல் வரவழைக்கிற ஆளைத்தான் எதிரே நாற்காலியில் உட்கார வைத்து அவல் உப்புமா சாப்பிடச் சொல்லியிருந்தார்களே.

ஜோகேஸ்வரி கிழக்கில் அவர்கள் கட்டடத்தில் ஐந்து மாடி, நாற்பது வீடு. மறுநாள் காலைக்குள் நாற்பது வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. உஜ்வலா வாய்திறந்து ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். அந்த ஒருத்தி கட்டடச் சங்கத்துச் செகரட்டரியின் மனைவி பர்வே அம்மாள்.

மருமகள் பிராஜக்தா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எதையும் ஊசி குத்திப் பார்க்காமல் நம்பமாட்டாள்.

"அத்தை, மூணு வார்த்தைக்கா இவ்வளவு? எங்க லேப்ல நான் ஒரு நாளைக்கு நூறு தடவ 'கையை மடக்குங்க'ன்னு சொல்றேன். எனக்கு யாரு கைதட்டறா?"

"நீ சொல்றதக் கேட்டு எவனாவது ஊரை விட்டு ஓடினானா? நான் சொன்னதுக்கு அப்புறம்தாண்டி கதையே ஓடுது."

"அப்ப வெட்டிட்டாங்கன்னா?"

"எப்படி வெட்டுவாங்க? நான் சொல்லலேன்னா பொண்ணு காணாமப் போனதே அவனுக்குத் தெரியாது. அப்புறம் ரெண்டாம் பாதி பூரா அவன் எதுக்கு அழறான்?"

பிராஜக்தா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு லேப்புக்குக் கிளம்பினாள். ஆறு வயதுப் பேத்தி ஈராவுக்கு மட்டும் ஒரு சந்தேகமும் இல்லை. வீட்டில் ஏதாவது காணாமல் போனால், "பேனா ரூம்ல இல்ல" என்று சிரித்துக்கொண்டே வந்து காதில் சொல்லிவிட்டுப் போவாள்.

உஜ்வலா வேண்டியது பேரும் இல்லை, புகழும் இல்லை. இருட்டு அரங்கில், முன்பின் தெரியாத முந்நூறு பேர் நடுவில் உட்கார்ந்து, தன் குரலை ஒரு தடவை காதால் கேட்க வேண்டும். இருபத்தொன்பது வருடம் வாயை மட்டும் அசைத்தவளுக்கு இது பேராசை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

படம் முடிந்து, சினிமாக்காரர்களுக்கு மட்டும் போட்டுக் காட்டினார்கள். இந்த ஊரில் அதற்கென்று ஒரு மரியாதை உண்டு. படம் முடிந்ததும் டைரக்டர் கதவருகில் நிற்பார். பிடித்தவர்கள் கட்டிப்பிடித்துவிட்டு உடனே விலகுவார்கள். பிடிக்காதவர்கள் நெடுநேரம் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள், முகத்தைக் காட்ட வேண்டாமே என்று. வேதாந்த் சப்லோக்கை அன்று எல்லாரும் அவ்வளவு நேரம் கட்டிப்பிடித்தார்கள். கம்பளித் துண்டு கசங்கிப்போயிற்று. அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

கம்பெனிக்காரர்களுக்கு உண்மை புரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்கு ஆள் ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். முதல் காட்சி முடிந்து வாசலில் மைக் நீட்டுவார்களே, அங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து "என் வாழ்க்கையையே பார்த்த மாதிரி இருந்துச்சு" என்று சொல்வதற்கு எட்டுப் பேர். இரண்டு கல்லூரி ஜோடி, ஒரு பெரியவர், மூன்று அம்மா. ஏற்பாடு செய்ய வேண்டியவர் ஏஜென்ட் நசீம் பாய். கல்யாணத்துக்கு ஆள் அனுப்பியதும் அவர்தான். கல்யாணத்துக்கு ஒரு பட்டியல், அழுகைக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளும் வழக்கம் அவருக்குக் கிடையாது. நன்றாக அழுபவர்கள் யார் என்று யோசித்தார், போனை எடுத்தார்.

"மௌசி, வெள்ளிக்கிழமை அந்தேரி தியேட்டர். படம் பாத்துட்டு வெளிய வந்து ரெண்டு சொட்டு கண்ணீர் விடணும். க்ளாராவும் வர்றா."

"என்ன படம்?"

"அதான், மழைப் படம்."

"நசீம் பாய், அதுல நான் இருக்கேன். வசனம் பேசியிருக்கேன்."

"நீ எதுலதான் இல்ல? பத்து மணிக்கு வந்துரு. டீசன்ட்டா வா."

டீசன்ட்டாக வரச் சொன்னால் உஜ்வலாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அது போதாதென்று பர்வே அம்மாள் தலைமையில் கட்டடத்துப் பெண்கள் பதினான்கு பேர் அதே காட்சிக்கு டிக்கெட் எடுத்திருந்தார்கள். தன் குரல் முதல்முதலாக வெளியே வருகிற நாளில் பழைய காட்டன் சேலையைச் சுற்றிக்கொண்டு போக அவளுக்கென்ன பைத்தியமா? மயில்கழுத்துப் பச்சை இஸ்திரிக்குப் போய் வந்தது.

அரங்கில் கூட்டம் பாதிகூட இல்லை. கதாநாயகன் முதல் தடவை ஜன்னலோரம் நின்றபோது கட்டடத்துப் பெண்கள் கண்கொட்டாமல் பார்த்தார்கள். மூன்றாம் தடவை நின்றபோது பின் வரிசையில் ஒருவன், "யாராவது அந்தாளுக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா" என்றான். மெஹந்திப் பாட்டில் கதாநாயகிக்குப் பின்னால் பச்சைச் சேலை போயிற்று. பதினான்கு பேரும் கைதட்டினார்கள். மஞ்சள் பூசுகிற ஹல்தி சடங்கில் மறுபடி போயிற்று.

"இதுவா உன் சீன்?" என்று பர்வே அம்மாள் குனிந்து கேட்டாள்.

"இல்லங்க. வரும்."

இடைவேளைக்கு இரண்டு நிமிடம் முன்னால் வந்தது. கல்யாணக் காலை. மேளம். உஜ்வலா கால் பெருவிரலைத் தரையில் அழுத்திக்கொண்டாள். கதாநாயகனின் முகம் திரை முழுவதும் வந்து நின்றது. ஒரு ஓரத்தில், கலங்கலாக, பச்சையாக ஏதோ ஒன்று தெரிந்தது. அது அவள் குனிந்து சொன்ன ஷாட்டிலிருந்து மிஞ்சிய அவளுடைய தோள். அப்புறம் தேன் தடவிய ஒரு குரல், இருபத்திரண்டு வயதுக்கு மேல் போகாத குரல், மூச்சிரைத்து அலறியது: "பொண்ணு ரூம்ல இல்ல."

கதாநாயகனின் கண் கலங்கியது. ராஜஸ்தானில் மழை பெய்தது.

உஜ்வலாவுக்கு அந்த நிமிடம் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வெட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தோளை வைத்துக்கொண்டு குரலை எடுத்து எறிந்திருந்தார்கள். வாயை அசைத்தது நீ, பேசுகிறது வேறொருத்தி என்று இத்தனை வருடத்துக் கதையையே மறுபடியும் அவள் முன்னால் ஓட்டிக் காட்டினார்கள்.

விளக்கு எரிந்தது. பர்வே அம்மாள் சமோசாவை ஊதிக்கொண்டே, "வந்துருச்சா? நான் எங்கயோ விட்டுட்டேன் போல" என்றாள்.

க்ளாரா உஜ்வலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாம் பாதி முழுவதும் கதாநாயகன் அழுதான். அரங்கில் இருந்தவர்கள் அவன் அழும்போதெல்லாம் குடையை விரிப்பதுபோல் அபிநயம் பிடித்துச் சிரித்தார்கள்.

வாசலில் நாலைந்து மைக். கல்லூரி ஜோடி சொல்லிக் கொடுத்ததைச் சொல்லி முடித்தது. பெரியவர் கண்ணாடியைத் துடைத்தார். அடுத்தது அம்மா. மைக் பிடித்திருந்த பெண் உஜ்வலாவின் கண்ணீரைப் பார்த்ததும் காமிராக்காரனை அருகே இழுத்தாள். நடிப்புக் கண்ணீருக்கும் இதற்கும் வித்தியாசம் அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

"ஆன்ட்டி, எந்த சீன்ல அழுதீங்க?"

"கல்யாணத்தன்னிக்கு ஒருத்தி வந்து சொல்றா பாருங்க, அங்க."

"அவ்ளோ மனசைத் தொட்டுருச்சா?"

"அது நான்தாம்மா. அந்தத் தோள் என்னோடது. குரல் என்னோடது இல்ல. அப்படி யாரும் அலறமாட்டாங்க. கல்யாண வீட்ல அலறினா சபை கலைஞ்சிரும்னு அறிவு வேணாம்?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஒழுங்காத்தான் சொன்னேன். பொண்ணு ரூம்ல இல்ல..."

அவள் விம்மிக்கொண்டே அதைச் சொன்ன அதே நேரத்தில், மைக் கூட்டத்துக்குப் பின்னால் வழி கிடைக்காமல் மாட்டிக்கொண்டிருந்த ஆட்டோக்காரன் ஹாரனை அழுத்தினான். விட்டு விட்டு அல்ல, ஒரே அழுத்தாக. நசீம் பாய் எங்கிருந்தோ பாய்ந்து வந்து உஜ்வலாவின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

பத்திரிகைகள் படத்துக்கு ஒன்றரை நட்சத்திரம் போட்டன. அந்த அரை நட்சத்திரம் மழைக்கு என்று ஒருவர் எழுதினார். திங்கட்கிழமை பாதி தியேட்டரில் பேய்ப் படம் ஓடியது. ஆனால் உஜ்வலா பேசிய முக்கால் நிமிடம் கைபேசி கைபேசியாகப் போயிற்று. யாரோ வேலை மெனக்கெட்டு, மெஹந்திப் பாட்டில் வரும் பச்சைச் சேலையையும் தியேட்டர் வாசலில் அழும் பச்சைச் சேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். "இந்தப் படத்தைப் பார்க்கவும் படத்தில் இருந்தவர்களையே கூட்டி வந்திருக்கிறார்கள்" என்று கீழே எழுதினான். படம் பார்த்தவர்களைவிட இதைப் பார்த்தவர்கள் அதிகம்.

கம்பெனி, அந்த அம்மாள் யாரென்றே தெரியாது என்று அறிக்கை விட்டது. மூன்றாம் நாள், படத்தைவிட அந்த அம்மாளைத்தான் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது என்று தெரிந்ததும், வேதாந்த் சப்லோக் ஒரு பேட்டி கொடுத்தார். தன் படம் திரையோடு முடிவதில்லை, வாசலிலும் தொடர்கிறது, அது தன் திட்டம்தான் என்றார். பேட்டி எடுத்தவர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

நசீம் பாய் போனிலேயே குதித்தார்.

"உன்ன அழத்தானே அனுப்பினேன்? பேசவா அனுப்பினேன்?"

"அழுதேனே, நசீம் பாய்."

"நிஜமா அழச் சொன்னது யாரு உன்ன?"

இரண்டு மாதம் வேலை வரவில்லை. கல்யாண சீசன் அது; ஃபிலிம் சிட்டியில் தினமும் மூன்று கல்யாணம் நின்றுபோய்க்கொண்டிருந்தது. எதற்கும் உஜ்வலாவைக் கூப்பிடவில்லை. பச்சைச் சேலையை இனி எந்தக் கல்யாணத்தில் நிறுத்தினாலும் ஜனங்கள் அடையாளம் கண்டு சிரித்துவிடுவார்கள் என்று க்ளாரா வந்து சொன்னாள். பின்னால் நிற்பவளை எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் அவள் எப்படிப் பின்னால் நிற்பது? உஜ்வலாவுக்கு அதில் வருத்தம்தான். அந்த நிற்றலில்தான் அவள் மகனைப் படிக்க வைத்தாள்.

பிறகு ஒருநாள் கம்பெனியிலிருந்தே கூப்பிட்டார்கள். படம் டிவிக்குப் போகிறது. ஜனங்கள் அவள் குரல்தான் வேண்டும் என்கிறார்கள். வந்து அந்த வரியைப் பேசிக் கொடுக்க வேண்டும்.

அந்தேரியில் ஒலிப்பதிவுக் கூடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர், கழுத்தில் துண்டு. இந்தப் பக்கம் உஜ்வலாவும் ஒரு மைக்கும். திரையில் கதாநாயகனின் முகம் வந்தது. உஜ்வலா ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். பந்தியில் இருப்பவர்களைப் பார்த்து மனசுக்குள் ஒரு சிரிப்புச் சிரித்தாள். மெல்லச் சொன்னாள்.

"ஆன்ட்டி, இது இல்ல," என்று ஹெட்ஃபோனில் டைரக்டரின் குரல் வந்தது. "தியேட்டர் வாசல்ல சொன்னீங்களே, அது வேணும். அழுதுட்டே."

"சார், அது வேற அழுகை. குரல் போச்சேன்னு அழுதது. இந்த சித்தி எதுக்கு அழணும்? அவளுக்கு விஷயம் வெளிய தெரியாம இருக்கணும், அவ்ளோதான்."

"ஜனங்களுக்கு அதுதான் பிடிச்சிருக்கு."

"கல்யாண வீட்ல எப்படிச் சொல்வாங்களோ அப்படிச் சொல்றேன் சார். ஒருவாட்டி கேட்டுப் பாருங்க."

பதினொரு தடவை சொல்ல வைத்தார்கள். பதினொரு தடவையும் அவள் மெல்லத்தான் சொன்னாள். டைரக்டர் வாட்சைப் பார்த்தார். நன்றி சொல்லி, டீ கொடுத்து, அனுப்பிவிட்டார்கள். எதை வைத்துக்கொண்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. பதினொன்றில் ஒன்றையாவது வைப்பார்கள் என்று உஜ்வலா பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் போட்டார்கள். பர்வே அம்மாளும் கட்டடத்துப் பெண்களும் உஜ்வலாவின் வீட்டுக் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். க்ளாரா மலாடிலிருந்து வந்திருந்தாள். ஈரா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மழை வர ஆரம்பித்ததும் உள்ளறையில் போய்த் தூங்கிவிட்டாள். பிராஜக்தா வாசற்படியோரம் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணக் காலை வந்தது. மேளம் ஓய்ந்தது. கதாநாயகனின் முகம். ஓரத்தில் பச்சைத் தோள். பிறகு, ராஜஸ்தான் அரண்மனைக்குள், விம்மலோடு உஜ்வலாவின் குரல், "பொண்ணு ரூம்ல இல்ல" என்றது. கூடவே ஒரு ஆட்டோ ஹாரன், விடாமல், நீளமாக அலறியது. வாசலில் எடுத்ததை அப்படியே வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

கதாநாயகனின் கண் கலங்கியது. ஹாரன் சத்தத்துக்கு என்று பார்த்தால் அந்தக் கண்ணீர் முதல்முறையாகப் பொருத்தமாக இருந்தது.

கூடமே சிரித்தது. பர்வே அம்மாளுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. பிராஜக்தாவும் சிரித்தாள். "அத்தை, உங்க கூட நடிச்ச ஆட்டோக்காரருக்குப் பேர் போட்டாங்களா?" என்றாள்.

உஜ்வலாவும் சிரிக்கத்தான் பார்த்தாள். வரவில்லை. தன் குரலைக் கேட்டுவிட்டாள். அது அழுகிற குரல். சரியாகச் சொன்னது செட்டில் ஒரு தடவை, கண்ணாடி அறையில் பதினொரு தடவை. பன்னிரண்டையும் யாரோ குப்பையில் போட்டுவிட்டான். இனி அதை யாரும் கேட்கப்போவதில்லை.

"சரி மௌசி, விடு," என்றாள் க்ளாரா. "நெஜமா எப்படிச் சொன்னே, அதை இவங்களுக்குக் காட்டு."

"எதுக்கு? போதும்."

"காட்டுங்க காட்டுங்க," என்று பெண்கள் சிரித்தார்கள். டிவியில் மழை பெய்துகொண்டிருந்தது.

உஜ்வலா எழுந்தாள். முந்தானையைத் தோளில் சரிசெய்தாள். கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்து, சாப்பிட்டீங்களா என்று கேட்பதுபோல் சிரித்தாள். பர்வே அம்மாளுக்கு ஒரு கும்பிடு போட்டாள். சிரித்த முகம் மாறாமல் வாசற்படியோரம் போய், பட்டாணித் தட்டை எட்டி எடுப்பதுபோல் குனிந்து, மருமகளின் காதோடு சொன்னாள்.

"பொண்ணு ரூம்ல இல்ல."

பிராஜக்தாவின் கையிலிருந்த தட்டு கவிழ்ந்தது. பட்டாணி கூடமெல்லாம் ஓடியது. அவள் முகம் வெளிறிப்போய், செருப்பும் பட்டாணியும் பெண்களின் மடியும் மிதிபட, உள்ளறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

ஈரா தலையணையைக் கட்டிக்கொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது கூடத்திலிருந்தே தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. பிராஜக்தா கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பி மாமியாரைப் பார்த்தாள். உஜ்வலா குனிந்து பட்டாணி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.